குறுக்கே நின்றவள்

சாவு வீட்டில் கேமராவை ஆட்டோ ஃபோகஸில் வைத்தது என் தப்பு. அது ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியையே பிடித்துக்கொண்டிருந்தது. அழக் குனிந்தவர்களின் முகங்கள் அதில் துல்லியமாக விழ, உள்ளே கிடந்த பரமகுரு வாத்தியார் மங்கிப்போனார். என் காதிலிருந்த போனில் அவருடைய மகன் கனடாவிலிருந்து கத்தினான். நேரலைக்கு ஏற்பாடு செய்தவன் அவன்தான். “அண்ணே, எனக்கு அப்பாவைக் காட்டுங்க. அழுறவங்களை இல்ல.” மேனுவலுக்கு மாற்றினேன். டியூப்லைட் வெளிச்சம் துடிக்காதபடி ஷட்டரை ஐம்பதில் நிறுத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகி, வாத்தியாரின் இமையில் ஃபோகஸை நிறுத்தினேன். மூக்கில் வைத்த பஞ்சின் இழைகூடத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் வெறும் புகையானார்கள்.

“சூப்பர்ண்ணே” என்றான். உடனே, “யாரோ ஒருத்தி குறுக்க குறுக்க வர்றா. தள்ளி நிக்கச் சொல்லுங்க” என்றான்.

நிமிர்ந்து பார்த்தேன். அவனுடைய அக்கா உமையாள். படுக்கையில் கிடந்த வாத்தியாருக்கு ஒன்பது வருடம் சோறூட்டி, பீ மூத்திரம் அள்ளியவள். அவர் வாய்க்கு நேராகக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, உங்க தம்பிக்கு மறைக்குதாம்.”

கை நின்றது. இரண்டடி பின்னால் போனாள்.

“மறைக்கிறது யாருன்னு கேட்டானா?”

ஏற்கெனவே சரியாக இருந்த ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டேன்.