ஏழு மணி வாசகர்

"இன்னைக்கும் எழுதிட்டியா? வெள்ளிக்கிழமை வந்தா உனக்கு இது ஒரு வேண்டுதல் மாதிரி லா," என்றபடி அஃப்னா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

வைஷாலி திரையை மறைக்கவில்லை. டன்லப் தெருக் கடைவீட்டு மாடியில், இணையத்தளங்கள் உருவாக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவள் வாரந்தோறும் தன் சொந்த இணையப் பக்கத்தில் எழுதுவது அஃப்னாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"படிச்சுக் காட்டு."

"வேலை: ஒரு பல் டாக்டரோட தளத்தை முடிச்சேன். அதையும் என்னோட சோதனைப் பட்டியல்ல சேர்த்துட்டேன்."

"நீ எழுதின அந்த புரோகிராம் மட்டும் இல்லேன்னா நாம செத்தோம். வச்ச நேரத்துக்குத் தானே ஒவ்வொரு பேஜா திறந்து பார்த்து, எது வேலை செய்யாம படுத்திருக்குன்னு சொல்லிடுது. அது வந்ததுக்கப்புறம்தான் வீக்கெண்டுல என் போன் அலறாம இருக்கு. சரி, மேல படி."

"கற்றது: அம்மா வைப்பாங்களே, அந்த மீன் தலைக் கறி. புளி கூடிடுச்சு. படித்தது: ஒரு நாவல், முந்நூறு பக்கம். பொழுதுபோக்கு: ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில சைக்கிள்."

"சைக்கிளா? நீயா?" அஃப்னா சிரித்தாள். "ஞாயிறு முழுக்க மெசேஜுக்குக்கூட நீ பதில் போடல."

வைஷாலி ஞாயிறு முழுவதும் திரைச்சீலையை விலக்காமல் கட்டிலில் கிடந்திருந்தாள். நாவலில் இரண்டு மாதமாக நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. மீன் கறி மட்டும் உண்மை. அதையும் ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை.

"ஏன்டி பொய் எழுதுறே?"

"நான் நல்லா இருக்கேன்னு அப்பா நினைக்கணும்."

இரண்டு வருடங்களுக்கு முன், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு வாடிக்கையாளரின் தளம் நின்றுபோனது. "அரை மணி நேரத்துல வந்துடறேன்பா," என்று போனில் சொன்ன வைஷாலி, மூன்று மணி நேரம் கழித்துத்தான் போனாள். அதற்குள் அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"உனக்கு வேலை இருக்கு. அதையே பார்த்துக்கோ," என்றார் அப்பா. அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. அதன்பின் அவள் எத்தனை முறை அழைத்தும் அவர் போனை எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவளும் அழைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

பதினான்கு மாதங்களுக்கு முன் இந்தப் பக்கத்தைத் தொடங்கி, அதன் முகவரியை அப்பாவுக்கு மெயிலில் அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே, மாலை ஏழு மணிக்கு, அவள் கைபேசி அதிர்ந்தது. 'ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார்.' வெள்ளிதோறும் கோவிலுக்குப் போய்விட்டு வந்து அப்பா கணினி முன் உட்காரும் நேரம் அது.

அறுபத்தொரு வெள்ளிக்கிழமைகள். ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த ஒரு அதிர்வைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாட்களையும் அவள் கடந்துகொண்டிருந்தாள்.

"வேற யாராவது படிக்கலாம்ல?" என்றாள் அஃப்னா.

"அட்ரஸ் அவருக்கு மட்டும்தான் தெரியும். தேடினாலும் கிடைக்காது. நான் திறந்து பார்த்தா அது கணக்குல வராது."

"அப்போ போடி! அறுபத்தொரு வாரம் விடாம படிக்கிற மனுஷன் உன்னை மன்னிக்காமலா இருப்பாரு? சரியா ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசல்ல போய் நில்லு. படிச்சிட்டு இருக்கும்போதே கையும் களவுமா பிடிச்சுடு."

வைஷாலிக்குச் சிரிப்பு வந்தது. தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

எழுதியதை வெளியிட்டுவிட்டு, தேக்கா சந்தையில் அப்பாவுக்குப் பிடித்த உளுந்து வடை இரண்டு வாங்கிக்கொண்டு, அப்பா இருக்கும் சிராங்கூனுக்கு ரயில் ஏறினாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தாள். 'சைக்கிள் பொய்ப்பா. எதுவுமே நல்லா இல்லப்பா.' அது போதும் என்று தோன்றியது.

ஒன்பதாவது மாடி. இரும்புக் கிராதிக்குப் பின்னால் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் விளக்கு இல்லை. மூலையில் கணினியின் மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, இனிமேல்தான் கணினிப் பக்கம் போவார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கிராதியைப் பிடித்தாள். கிரீச்சென்று சத்தம் கேட்டது. அப்பா நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கோபம்கூட இல்லை. வைஷாலி கிராதியிலிருந்து கையை எடுத்தாள். திரும்பிப் போய்விடலாமா?

சமையலறையிலிருந்து பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ஆன்ட்டி சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு வேகமாகக் கிராதி அருகே வந்தார்.

"யாரு, பஞ்சவர்ணம்? டவுன் கவுன்சில் ஆளா?" என்று கேட்டார் அப்பா, வைஷாலியையே பார்த்தபடி.

பஞ்சவர்ணம் ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார். "சர்க்கரைம்மா. ரெண்டு கண்ணும் போயி ஒன்றரை வருஷமாச்சு. உனக்குச் சொல்லலாம்னு நம்பர் கேட்டேன். 'அவளுக்கு வேலை இருக்கும், விடு'ன்னுட்டாரு."

வைஷாலியின் கையில் கைபேசி அதிர்ந்தது. மணி ஏழு. 'ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார்.'

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது: பதினான்கு மாதங்களுக்கு முன் அந்தச் சோதனைப் புரோகிராமை எழுதிய அன்று, அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, பட்டியலில் முதலாவதாகச் சேர்த்தது தன்னுடைய பக்கத்தைத்தான். வெள்ளிக்கிழமை, ஏழு மணி என்று நேரம் குறித்ததும் அவளேதான்.