மடைக்கு ஒரு புகைப்படம்

"இந்த நிபந்தனையை எழுதின முட்டாப்பய யாரு?"

சேவுகன் போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. பல நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்தும் வளர்ச்சி மன்றத்தில் அவர் இயக்குநர்; விடுப்பில் சொந்த ஊரான கல்லலுக்கு வந்திருந்தார். ஊராட்சித் தலைவி பெல்சி கொடுத்த கடிதம் அவர் கையில் இருந்தது. உடைந்த கண்மாய் மடையைக் கட்டித்தரும்படி அவருடைய மன்றத்திடம்தான் ஊர் மனுச் செய்திருந்தது. மடை நன்றாக இயங்கும் புகைப்படத்தை இணைக்கவில்லை என்று மனுவைத் தள்ளியிருந்தார்கள்.

"உடைஞ்ச மடை எப்படிம்மா இயங்கும்?"

"அதைத்தாண்ணே மூணு தடவை எழுதிக் கேட்டோம். அடுத்த மாசம் மழை வந்துரும். இந்த வருசமும் தண்ணி நிக்கலேன்னா வெவசாயமே இல்லை."

"என் மன்றத்துல இப்படி ஒருத்தனா? அவனை ஒரு நாள்கூட வேலையில வைக்கக் கூடாது!"

"வாயால சொன்னா யாருண்ணே கேக்குறாக? எழுதிக் குடுங்க."

அங்கேயே எழுதினார். 'இந்த நிபந்தனையை ரத்துச் செய்யுங்கள். படித்துப் பாராமல் இதற்கு ஒப்புதல் அளித்த அதிகாரியை உடனே நீக்குங்கள்.' தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்திட்டார்.

"அவன் பேரைச் சொல்லு, சேத்துர்றேன்."

பெல்சி பையிலிருந்து மன்றத்தின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தாள். ஒப்புதல் பக்கத்தைப் பிரித்து, அவர் எழுதிய தாளின் அருகில் வைத்தாள். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

அவள் சிரிக்கவில்லை.

"பேரு தனியா வேண்டாம்ணே. நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீக. அனுப்பிரலாமா?"