பாஸ் மார்க்

“ஒரு பேப்பர்ல மட்டும் மார்க் கொறஞ்சு போச்சுன்னா மொத்தமும் போச்சா?” சாப்பிட்டுக்கொண்டே பிரதீப் கேட்டான்.

நர்மதாவுக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாக இதே மாதிரிக் கேள்விகள்தான். எத்தனை மார்க் எடுத்தால் பாஸ், பெயிலானால் மறுபடி எப்போது எழுதலாம், ரிசல்ட் போனிலேயே வந்துவிடுமா என்று.

“மொதல்ல பாஸாகறத நெனைங்க” என்றாள்.

எருத்தேன்பதியில் தென்னந்தோப்பும் மாடுகளுமாக இருப்பவன் அவள் கணவன். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பொது சுகாதாரத்தில் மேல்படிப்புப் படிக்க வேண்டுமென்பது அவளுடைய வெகுநாள் ஆசை. கல்லூரியில் நர்சிங் மார்க் ஐம்பத்தைந்து சதவீதம் கேட்டார்கள். அவளிடம் ஐம்பத்தேழு இருந்தது. இனி நுழைவுத் தேர்வு மார்க்தான் பாக்கி. இடம் கிடைத்தால் இரண்டு வருடம் திருவனந்தபுரத்தில் இருக்க வேண்டும். தாராளமாகப் போ என்று சொன்னவன்தான். இப்போது மனசு மாறிவிட்டானோ? அவள் பெயிலாக வேண்டுமென்று நினைக்கிறானோ?

மறுநாள் மதியம் செய்தி வந்தது. நல்ல மார்க், இடம் உறுதி. அவள் மாட்டுக் கொட்டகைக்கே ஓடிப்போய்ச் சொன்னாள். பிரதீப் புல்லுக்கட்டை அப்படியே போட்டுவிட்டு, நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவனே போன் போட்டான். கொழிஞ்சாம்பாறைக்கு வண்டியை விட்டு ஜிலேபி வாங்கி வந்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தான். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பார்த்தால் மறுபடி அதே கவலை முகத்தோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, நான் போறது புடிக்கலீங்களா? நெசத்தச் சொல்லிருங்க.”

“அட, அதில்ல.” போனை அவளிடம் நீட்டினான். “இதுல நம்பரப் போட்டா ரிசல்ட் வருமாமா. எனக்குப் பயமா இருக்குது. நீயே பாரு.”

“ஆரு ரிசல்ட்டுங்க?”

“என்றதுதான். ஞாயித்துக்கெழம நீ டூட்டிக்குப் போனதும் நான் கிளாசுக்குப் போயிருவேன். பாதியில உட்ட பத்தாங்கிளாஸ இப்ப எழுதியிருக்கறேன். கணக்குதான் கொஞ்சம் ஒதைக்குது.”

நர்மதா நம்பரைப் போட்டாள்.

“கணக்குலயும் பாஸுங்க” என்றாள், தன் ரிசல்ட்டைச் சொன்னதைவிடச் சத்தமாக.