எடை மேடை லேப்டாப்

அந்த லேப்டாப் மூன்றாவது தடவையாகக் கடைக்கு வந்தபோது, உப்பள முதலாளி வெங்கடாசலத்தின் மேல் ஜெனிதாவுக்கு இருந்த மரியாதை பாதியாகக் குறைந்திருந்தது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெனிதா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். வெங்கடாசலத்துக்கு நாற்பது ஏக்கர் உப்பளம். வந்து இறங்கிய கார் புதுசு. கையில் இருந்த லேப்டாப்புக்கு வயது பதிமூன்று.

உப்பு ஏற்றிய லாரிகளை எடை போடும் மேடையோடு இணைத்திருந்த லேப்டாப் அது. மேடையின் சாப்ட்வேர் பழைய விண்டோஸில் இனிமேல் ஓடாது என்று அதை விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். புது விண்டோஸ் போட்டாக வேண்டும். புது விண்டோஸோ, இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதியில்லை என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு அதோடு நின்றுகொண்டது.

முதல் தடவையே ஜெனிதா அதைச் சொல்லிவிட்டாள். புதுசாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றும் சொன்னாள். அவர் சுவரிலிருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"வேற வழி இருக்கும். தேடிப் பாரும்மா."

வழி இருந்தது. தகுதி பார்க்கும் கட்டத்தைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு பென் டிரைவைத் தயார் செய்து, விண்டோஸை உள்ளே ஏற்றினாள். ஏறி உட்கார்ந்தது. ஆனால், ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு வேகம்.

இரண்டாவது தடவை பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாள், மெமரியைக் கூட்டினாள். உப்புக் காற்றில் துருப்பிடித்த ஸ்க்ரூக்கள் தலை வேறு, உடம்பு வேறாகக் கழன்று வந்தன. இவ்வளவு செலவில் இன்னொரு லேப்டாப்பே வந்திருக்கும் என்றாள். இது போதும் என்றார்.

இப்போது லேப்டாப் நன்றாக ஓடியது. எடை மேடையிலிருந்து எடைதான் வரவில்லை.

நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று ஜெனிதா உப்பளத்துக்கே கிளம்பிப் போனாள்.

எடை ரூமில் இருசப்பன் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. மேடை போட்ட நாளிலிருந்து லாரிகளை எடை போடுவது அவர்தான். வெங்கடாசலம் உப்பு அள்ளும் பக்கம் போயிருந்ததால், முதலாளியின் கஞ்சத்தனத்தைப் பற்றி விவரமாகவே பேசினார். கூடவே தன் சட்டைத் துணியால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்.

கோளாறு கேபிளில் இருந்தது. அந்தக் காலத்துக் கேபிளைப் புது விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை. அதற்குரிய டிரைவர் என்கிற பழைய சாப்ட்வேரைத் தேடிப் போட்டுப் பார்க்க வேண்டும். ப்ளக் செருக இடம் போதவில்லை. ஆபீஸ் ரூம் பீரோவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொன்னார் இருசப்பன்.

பீரோவின் மேல் தட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. அதற்கு அடியில் ஒரு புது லேப்டாப். சீல் பிரிக்காத அட்டைப்பெட்டி. வெளியே எடுத்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த பில்லில் போன வருஷத் தேதி.

திரும்பினால் வாசலில் வெங்கடாசலம்.

"அத உள்ள வெச்சிடும்மா" என்றார்.

"புதுசு இருக்குதே சார். அப்புறம் ஏன் என்னை மூணு தடவை அலைய விட்டீங்க?"

அவர் கதவை லேசாகச் சாத்தினார்.

மகன் கனடா போவதற்கு முன்னால், எடை மேடைக்குப் புது லேப்டாப் போடலாம் என்று சொன்னானாம். இருசப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த லேப்டாப் நிற்கிற அன்றைக்குத் தானும் நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"சொன்னா செய்யற ஆளு" என்றார் வெங்கடாசலம். "சம்சாரம் தவறிட்டாங்க. புள்ளைங்களும் இல்ல. போன மழைக்கு உப்பளத்த மூடினப்ப மூணு மாசம் வீட்லயே கெடந்தாரு. போய்ப் பாத்தேன். கேஸ் அடுப்பு மேல தூசி படிஞ்சிருந்துச்சும்மா. இங்க வந்தா மத்தியானம் என்கூட சாப்புடுவாரு."

ஜெனிதா பீரோவைச் சாத்தினாள்.

"வெளிய கஞ்சன்னு சொல்றாரு சார்."

"சொல்லட்டும்."

அரை மணி நேரத்தில் பழைய டிரைவர் உட்கார்ந்தது. மேடையில் காத்திருந்த லாரியின் எடை திரையில் விழுந்தது. வெங்கடாசலம் எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

அவர் போகிற வரைக்கும் காத்திருந்த இருசப்பன், நாற்காலியை ஜெனிதாவின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உள்ளதச் சொல்லும்மா. இது இன்னும் எவ்ளோ நாள் ஓடும்?"

"ஏன் ஐயா கேக்கறீங்க?"

"நிக்காம பாத்துக்க. எப்ப கூப்ட்டாலும் வந்துடு" என்றார், குரலைத் தாழ்த்தி. "இது நின்னா நானும் போயிடறேன்னு ஒரு கோவத்துல வாய விட்டுட்டேன். பையன் கனடா போனதுலேருந்து அந்த மனுஷன் உக்காந்து சாப்புடறதே மத்தியானம் ஒரு வேளதான். அதுவும் நான் எதுர்ல உக்காந்தாத்தான் எறங்குது."