ஈரச் சாக்கு

அவள் முதல் சாக்கைத் தொட்டாள்.

ஈரம்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள்.

ஈரந்தான். பிழிந்தால் சொட்டும்.

பங்குனி வெயில் முருங்கைக் காட்டை வறுத்துக்கொண்டிருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் இன்று காலையில்தான் பஸ் ஏறினாள். வழியெல்லாம் இந்த அடிக்கட்டைகளின் நினைப்புத்தான். பதினான்கு காங்கிரீட் கட்டைகள். வார்த்த அன்று சாயங்காலமே வரப்பில் மயங்கி விழுந்தாள். சாக்கைப் போர்த்தியதோடு சரி. தண்ணீர் விட வீட்டில் வேறு ஆளில்லை.

ஏழு நாள் நனையாத காங்கிரீட் வெடித்துவிடும். வெடித்த கட்டையில் எந்த வேலிக்காலும் நிற்காது.

பழைய வேலியின் மரக்கால்களை மண்மட்டத்தில் கரையான் தின்றுவிட்டது. இந்தத் தடவை மரம் மண்ணைத் தொடக்கூடாது என்று அவள்தான் சொன்னாள். கீழே காங்கிரீட், அதில் பதித்த இரும்புப் பட்டை, பட்டையின் நடுவே வேலமரக் கால். நூறு வருஷம் நிற்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தம்பியின் காடு. அவனுடைய ஆடுகள் முருங்கையைக் கடிக்கின்றன, அதற்காகத்தான் வேலி. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

ஒன்பது வருஷம்.

மகன் கல்யாணத்தில் தாய்மாமன் மாலையோடு வர வேண்டியவன் வரவில்லை. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் எழுந்து மாலையைப் போட்டான். சபை பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது அவனைக் குறை சொல்ல வாயெடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். காது கொடுப்பதும் ஒரு பேச்சுத்தான்.

இரண்டாவது சாக்கு. ஈரம்.

மூன்றாவது. நான்காவது.

கட்டைகளைச் சுற்றி மண் குழைந்து கிடந்தது. அதில் தடம்.

இடது பாதம் முழுதாகப் பதிந்திருந்தது. வலது பாதத்துக்கு விரல்கள் மட்டும்.

அவள் அங்கேயே நின்றாள்.

ஆறு வயதில் தம்பி கிணற்று மேட்டிலிருந்து விழுந்து ஒடிந்து, குதிகால் ஊன்றாமலே போன கால் அது. அன்று அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கட்டு வைத்தியரிடம் ஓடியவள் அவள்.

தடம் அந்தப் பக்கமிருந்து வந்து அந்தப் பக்கமே போயிருந்தது. அவன் கிணறு காட்டின் அந்தக் கோடியில். ஒரு குடம் இரண்டு கட்டைக்குக் காணும். பதினான்குக்கு ஏழு நடை. காலையில் ஏழு, சாயங்காலம் ஏழு.

அந்தக் காலோடு.

சாமிக்கென்றால் கையெடுத்துக் கும்பிடலாம். தம்பியை எப்படிக் கும்பிடுவது? வீட்டு வாசலுக்குப் போய்ச் சொன்னால் ஊர் பார்க்கும். ஊர் பார்த்தால் ஊருக்கென்று ஒரு கதை கிடைக்கும். குடும்பத்தைக் கதையாக்கிக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

கொத்தனார் மாரப்பன் வேலங்கால்களை இறக்கிப் போட்டுவிட்டு வந்தான். ஒன்பதாவது கட்டையின் சாக்கை விலக்கினான்.

காங்கிரீட்டின் மேல் ஓர் ஆட்டுக்குட்டியின் குளம்பு பதிந்திருந்தது. இறுகுவதற்குள் யாரோ விரலால் தடவி மூடப் பார்த்திருக்கிறார்கள். பாதிதான் மூடியிருந்தது.

மாரப்பன் சிரித்தான்.

"இதப் பாருங்கம்மா. ஆட்டுக்காரரே அவுரு ஆட்டுக்கு வேலி போடத் தண்ணி சொமந்திருக்கறாரு. உங்க தம்பிக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"எந் தம்பியப் பேசறதா இருந்தா எங் காட்டுல நின்னு பேசாத, மாரப்பா."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

எந் தம்பி.

மாரப்பன் தலையைச் சொறிந்தான். பிறகு சுத்தியலின் பிடியால் கட்டையைத் தட்டிக் காட்டினான். கோயில் கல்லைப்போல் கணீரென்றது. எங்கும் முடியளவு கீறல்கூட இல்லை.

"கல்லாயிருச்சுங்க. இன்னைக்கே கால நிறுத்திப் போல்ட்டு முடுக்கிறலாம்."

அவள் அந்தக் குளம்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். இன்னும் நனையட்டும்."

"இதுக்கு மேல எதுக்குங்கம்மா?"

"நனையட்டும்னேன்."

"எத்தன நாளைக்குங்க?"

"சொல்லியனுப்பறேன்."

மாரப்பன் போன பிறகு, காலியாகக் கிடந்த நீல ட்ரம்மை உருட்டி உருட்டி எல்லைக்குக் கொண்டுவந்தாள். இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மோட்டாரைப் போட்டு, ரப்பர் குழாயை இழுத்து, ட்ரம்மை விளிம்பு வரை நிரப்பினாள்.

வீட்டுக்குள் போய்ப் பித்தளைச் சொம்பை எடுத்துவந்தாள். அடியில் அம்மாவின் பெயர் வெட்டியது. பங்கு பிரித்த அன்று அக்கா தம்பி இரண்டு பேருமே கேட்டது அந்த ஒன்றைத்தான். மூத்தவளுக்கு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனான்.

சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தாள். ட்ரம்மின் மூடி மேல் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

அன்று முழுவதும் ஒரு சாக்கையும் அவள் நனைக்கவில்லை. வெயிலில் அவை ஒவ்வொன்றாக வெளுத்தன.

பொழுது சாய்ந்தது. அந்தப் பக்கம் ஆட்டு மணிச் சத்தம் கேட்டதும் எழுந்தாள். முதுகு வளையாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மணிச் சத்தம் எல்லையருகே வந்து நின்றது.

அவள் பத்தடி நடந்திருப்பாள்.

பிறகு பின்னால், பித்தளையில் தண்ணீர் மொள்ளும் சத்தம்.

அவள் நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தாள்.