ஒழுகாத வீடு

மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீலாவதி வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை.

அதைப் பார்க்கத்தான் பக்கத்து வீட்டு ராக்கம்மா நனைந்துகொண்டே வந்திருந்தாள். தன் வீட்டுச் சட்டி, பானை, பேசின் எல்லாவற்றையும் ஒழுகும் இடங்களில் வைத்துவிட்டு, வைக்க இனி பாத்திரம் இல்லை என்றதும் கிளம்பி வந்தவள். அண்ணாந்து பார்த்தாள். தரையைத் தடவிப் பார்த்தாள். வயிற்றெரிச்சலை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை.

நீலாவதிக்குப் பெருமை தாங்கவில்லை.

மலாயாவில் எமர்ஜென்சி வந்ததும், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்து, ஒரே இடத்தில் கட்டி, சுற்றி முள்கம்பி அடித்தார்கள். கூரைக்குப் பழைய தகரத்தையே போட்டுவிட்டார்கள். துருவில் பொத்துப்போன இடங்களில் டின்னை வெட்டித் தட்டையாக்கி, மேலிருந்து ஒட்டுப் போட வேண்டும்.

ஆனால் தோட்டத்தில் எந்த டின்னும் முழு டின் இல்லை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று, பால்மாவோ பிஸ்கட்டோ எதை விற்றாலும் கடைக்காரர் டின்னின் வயிற்றில் ஆணியால் ஒரு குத்துக் குத்தித்தான் கொடுக்க வேண்டும். குத்தினால் கெட்டுப்போகும், பதுக்க முடியாது. அது சட்டம்.

ஆகவே எந்த வீட்டு ஒட்டிலும் ஓர் ஓட்டை. தாரை அப்பினாலும் இரண்டு வெயிலில் இளகி ஓடிவிடும். அந்தச் சொட்டுக்கு எல்லாரும் பழகிப்போயிருந்தார்கள்.

நீலாவதியால் பழக முடியவில்லை. அவள் கைக்குழந்தைக்கு நெஞ்சுச்சளி. ஈரம் பட்டால் பிள்ளை தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தூளி கட்ட இருந்ததோ ஒரே இடம், அதற்கு நேர் மேலே பொத்தல்.

ஆள் தேடினாள். ஒருவன் நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு தீபாவளியைக் கடத்தினான். இன்னொருவன் ஏறி இறங்கியதில் பொத்தல் கூடியதுதான் மிச்சம். கடைசியில் வீரமுத்து. ஞாயிறு காலையில் வருகிறேன் என்றான், ஞாயிறு காலையில் வந்து நின்றான். தூளியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினான்.

கேட்டில் சோதனை போடும் போலீஸ் சார்ஜன் மணியம் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார். காய்ந்த தரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“நம்ம கேட்டு கொட்டாயும் ஒழுகுது தங்கச்சி. யாரு லா இந்த வேலையச் செஞ்சது?”

நீலாவதி வாயைத் திறப்பதற்குள் ராக்கம்மா முந்திக்கொண்டாள். “வேற யாரு, நம்ம வீரமுத்துதான்.”

கேட்டில் லாரி ஹாரன் அடித்தது. எப்படி ஒட்டியிருக்கிறான் என்று வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு சார்ஜன் ஓடினார்.

நீலாவதியும் மேலே பார்த்தாள். வாசல் பக்கம் ஒன்று, தூளிக்கு மேலே ஒன்று. துருப்பிடித்த தகரத்துக்கு நடுவே இரண்டு ஒட்டுகளும் பளபளவென்று இருந்தன. பழக்கத்தில் அவள் கண் ஆணிக் குத்தைத் தேடியது.

இல்லை. இரண்டிலும் இல்லை.

குத்தாத டின் கடையில் விற்பதில்லை. அது போகிற இடம் ஒன்றுதான், காடு. காட்டுக்குச் சாப்பாடு கொடுத்தவன் அகப்பட்டால் ஜெயில், இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பல். வீரமுத்து பிறந்ததே இந்தத் தோட்டத்தில்.

என் பிள்ளை தலைக்கு மேலேயா கொண்டுவந்து வைத்தான் பாவி என்று கோபம் வந்தது. இந்தப் பிள்ளை நனையக் கூடாது என்றுதானே வைத்தான் என்று நினைத்ததும் அழுகை வந்தது.

“உன் பேசின் நிரம்பியிருக்கும், போக்கா” என்று ராக்கம்மாவை அனுப்பினாள். பிள்ளையைத் தூக்கி மூலையில் கிடத்தினாள். முருகன் படத்தை இறக்கி வைத்துவிட்டு, அது தொங்கிய ஆணியைப் பிடுங்கினாள். இஞ்சி நசுக்கும் கல்லை எடுத்துக்கொண்டு பெஞ்சில் ஏறினாள்.

தகரத்தின் மேல் மழை போட்ட சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் வெளியே கேட்கவில்லை.

சார்ஜன் திரும்பி வந்து அண்ணாந்தபோது முதல் சொட்டு அவர் மூக்கிலேயே விழுந்தது. இரண்டாவது, காலித் தூளிக்குள் விழுந்தது.

“இப்பத்தான் சார் ஆரம்பிச்சிச்சு. அவன நம்பி ஏறவிட்டேன் பாருங்க.”

இவனும் இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அவர் போனார். அதற்குப் பிறகு லயம் முழுக்க அந்தப் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை ராக்கம்மா மனதாரச் செய்தாள்.

சாயங்காலம் வீரமுத்து சுத்தியலோடு வந்தான். முகம் சிவந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் ஏறி, ஒட்டை விரலால் தடவினான்.

கடைக்காரர் வெளியிலிருந்து குத்துவார், பிசிறு டின்னின் உள்பக்கம் நிற்கும். ஒட்டில் வீட்டைப் பார்த்திருப்பது அந்த உள்பக்கம்தான். அவன் விரலில் பிசிறு எதுவும் குத்தவில்லை; குத்து வீட்டுக்குள்ளிருந்து விழுந்திருந்தது.

அவன் கை அங்கேயே நின்றது. சுவரில் கோணலாகத் தொங்கிய முருகனைப் பார்த்தான். நீலாவதியைப் பார்த்தான். அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து தூளியை அவிழ்த்தான். வெளியே போய் ஒரு கழி வெட்டிக்கொண்டு வந்து, சொட்டு விழாத பக்கமாகக் குறுக்கே செருகி, தூளியை அதில் கட்டினான். இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

வாசலில் ராக்கம்மா காத்திருந்தாள். “என்னப்பா, பெரிய வேலைக்காரன்னாங்க?”

“எனக்கு வேலை தெரியலக்கா” என்றான் வீரமுத்து. “எல்லார்ட்டயும் சொல்லுங்க.”