நல்ல அங்கி

பழைய இங்கிலாந்தில், பொழுது பனிக்குள்ளேயே விடிந்து பனிக்குள்ளேயே சாய்கிற ஓர் ஊரில், பாதிரியார் ஒருவர் கண்மூடினார். அவருடைய பெட்டிக்குள் இரண்டு அங்கிகள் காதுகொடுத்துக் கிடந்தன. வெளியே யாரோ உயிலை வாசித்தார்கள்: "என் நல்ல அங்கி, கோயில் மணியடிக்கும் வால்டருக்கு."

"நல்லதுன்னா நான்தான். வரட்டுமா தம்பி?" என்றது பிஷப் வரும் நாளில் மட்டும் வெளியே போகிற நரித்தோல் அங்கி.

"போய்ட்டு வா அண்ணே. நான் போயிருக்கேன், அவர் வீட்டில் ரொம்பக் குளிரும்," என்றது ஒட்டுப்போட்ட அங்கி.

பெட்டி திறந்தது. வால்டர் நரித்தோலை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஒட்டுப்போட்டதை எடுத்து முகத்தோடு சேர்த்துக்கொண்டார். "இதைப் போட்டுக்கிட்டுத்தானே சாமி, மழையில எங்க வீட்டுக்கு வருவீங்க," என்றார்.

மூடி விழுந்தது. இருட்டில் துணியும் தோலும் அரிக்கிற ஓர் அந்துப்பூச்சி மெதுவாகக் கேட்டது: "அப்போ உங்களை யாருக்கு எழுதியிருக்கு, அண்ணே?"